மூலகங்களும் நிலத்தின் வரவு செலவும்

கூட்டுறவு சங்கத்தில் உரம் வாங்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் மூட்டையின்மேல் சில எண்கள் அச்சிடப்பட்டிருப்பதைக் காண்பர். யூரியா மூட்டையில் 46 என்றும், டி.ஏ.பி. மூட்டையில் 18-46-0 என்றும், பொட்டாஷ் மூட்டையில் 0-0-60 என்றும் எழுதப்பட்டிருக்கும். நாம் கொடுக்கும் பணம் உண்மையில் இவ்வெண்களுக்கே ஆகும். ஆதலின் இவற்றின் பொருளை அறியாது மூட்டை வாங்குவது, தராசைப் பாராது தானியம் விற்பதை ஒக்கும்.

இவ்வெண்களை அறிவதற்கு மூலகம், அணு, சேர்க்கைப் பொருள் என்னும் மூன்றையும் முதலில் அறிதல் வேண்டும். பள்ளியில் உயிரியல் கற்கும் நம் பிள்ளைகளுக்கும் இதுவே முதற்பாடமாக அமைகிறது. கணக்கு அறிந்த எவரும் இதனை எளிதிற் கற்கலாம். ஏனெனில் இப்பாடம் முழுவதும் ஒருவகை வரவு செலவுக் கணக்கேயாகும்.

1. மூலகம் என்பது யாது?

உலகிலுள்ள பதார்த்தங்கள் எண்ணிறந்தன. மண், மரம், நெல், பால், இரும்பு, உப்பு என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவற்றை ரசாயன முறைப்படி பிரித்துக்கொண்டே போனால், மேலும் வேறு பொருள்களாகப் பிரிக்கவியலாத சில பொருள்கள் கடைசியில் எஞ்சி நிற்கும். அவையே மூலகங்கள். இக்காலப் பள்ளிப் புத்தகங்கள் அவற்றைத் தனிமங்கள் என்று குறிப்பிடுகின்றன.

கலப்பற்ற தங்கத்தைப் பொற்கொல்லர் எத்தனை முறை உருக்கினும் அது தங்கமாகவே இருக்கும்; அதனின்று வேறொரு பொருளைப் பிரித்தெடுக்க இயலாது. ஆகவே தங்கம் ஒரு மூலகம். நீர் அத்தன்மையதன்று. நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால், 9 கிலோ நீர் 8 கிலோ பிராணவாயுவாகவும் 1 கிலோ ஜலவாயுவாகவும் பிரிந்துவிடும். ஆகவே நீர், இரண்டு மூலகங்கள் கூடியுண்டான சேர்க்கைப் பொருளாகும். நம் முன்னோர் மண், நீர் முதலியவற்றைப் பஞ்ச பூதங்கள் என வகுத்தது வேறொரு நோக்கில். ரசாயன சாஸ்திரம் கூறும் மூலகம் வேறு.

பிரெஞ்சு தேசத்து லவாசியே என்பவர் 1789ஆம் ஆண்டில் 33 மூலகங்கள் அடங்கிய ஜாபிதா ஒன்றை வெளியிட்டார். ஒளியையும் வெப்பத்தையும்கூட அவர் அதில் சேர்த்திருந்தார். அவை பிற்காலத்தில் நீக்கப்பட்டன. ருஷிய தேசத்து மெண்டலீவ் 1869ஆம் ஆண்டில், அன்று அறியப்பட்டிருந்த 63 மூலகங்களை அவற்றின் எடைப்படியும் குணப்படியும் வரிசைப்படுத்தி அட்டவணை வகுத்தார். இன்று அவ்வட்டவணையில் 118 மூலகங்கள் இடம்பெற்றுள்ளன. இவற்றுள் ஏறக்குறைய 90 இயற்கையிற் கிடைப்பவை. ஏனையவை ஆராய்ச்சிச் சாலைகளில் உண்டாக்கப்பட்டவை.

சேர்க்கைப் பொருள் வேறு, கலவை வேறு என்பதையும் கவனித்தல் வேண்டும். மணலும் உப்பும் கலந்தால் கலவை. நீரில் கரைத்து வடிகட்டினால் இரண்டும் பிரிந்துவிடும். காற்றும் ஒரு கலவையே. உலர்ந்த காற்றில் 100 பங்குக்கு 78 பங்கு நைட்ரஜனும் 21 பங்கு பிராணவாயுவும் உள்ளன. கரியமில வாயுவோ 10,000 பங்குக்கு 4 பங்கினும் சற்றே அதிகம். சேர்க்கைப் பொருளில் மூலகங்கள் தத்தம் குணத்தை அடியோடு இழந்துவிடுகின்றன. சோடியம் என்னும் உலோகம் நீர் பட்டால் தீப்பற்றக்கூடியது. குளோரின் என்னும் வாயு நஞ்சு. இவ்விரண்டும் சேர்ந்து உண்டாவதே நாம் நாள்தோறும் உண்ணும் உப்பு.

2. அணுவின் தன்மை

ஒரு மூலகத்தின் குணம் மாறாத மிகச் சிறிய துணுக்கே அணு எனப்படும். ஆங்கில தேசத்துப் பள்ளி ஆசிரியராகிய டால்டன் என்பவர் 1803ஆம் ஆண்டில் இக்கொள்கையை வகுக்கத் தொடங்கினார். அணு எவ்வளவு சிறியதெனில், கரியின் அணுக்களை ஒன்றையடுத்து ஒன்றாக வரிசை வைத்தால் ஓர் அங்குல நீளத்தில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட அணுக்கள் அடங்கும்.

அணுவுக்குள்ளும் பகுதிகள் உண்டு. நடுவே உள்ள கருவில் புரோட்டான், நியூட்ரான் என்னும் துகள்கள் இருக்கின்றன. அதனைச் சூழ எலெக்ட்ரான்கள் உள்ளன. எலெக்ட்ரானைத் தாம்சன் 1897ஆம் ஆண்டிலும், கருவை ரூதர்போர்டு 1911ஆம் ஆண்டிலும், நியூட்ரானைச் சாட்விக் 1932ஆம் ஆண்டிலும் கண்டறிந்தனர். புரோட்டான்களின் எண்ணிக்கையே மூலகத்தின் அடையாளம். சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் அங்கத்தினர் எண் இருப்பதுபோல, ஒவ்வொரு மூலகத்துக்கும் இவ்வெண் உண்டு. ஜலவாயுவுக்கு 1, கரிக்கு 6, நைட்ரஜனுக்கு 7, பிராணவாயுவுக்கு 8, பாஸ்பரசுக்கு 15, பொட்டாசியத்துக்கு 19.

இதிலிருந்து குடியானவர் அறிந்துகொள்ள வேண்டிய முக்கியமான உண்மை ஒன்று உண்டு. நெருப்பில் எரித்தாலும், மாட்டின் வயிற்றில் செரித்தாலும், எருக்குழியில் மக்கினாலும், இலையில் வெயில் பட்டாலும், அணுவின் கரு மாறுவதில்லை. சூரியன் போன்ற நட்சத்திரங்களின் உள்ளேயும், அணுசக்தி நிலையங்களிலும், தாமே சிதையும் யுரேனியம் போன்ற சில மூலகங்களிலுமே கரு மாறுகிறது. வயலில் ஒரு மூலகம் மற்றொரு மூலகமாகாது, புதிதாகப் பிறவாது, அழிந்தும் போகாது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும். ஒரு சேர்க்கையை விட்டு மற்றொரு சேர்க்கையில் புகும். அவ்வளவே. இவ்வுண்மையை மறவாதவரை எவரும் எளிதில் ஏமாற்றவியலாது.

3. அணுக்கள் கைகோத்தல்

அணுக்கள் தம் வெளிப்புறத்திலுள்ள எலெக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டோ, கொடுத்து வாங்கியோ ஒன்றோடொன்று பிணைகின்றன. இதனைக் கைகோத்தல் என்று கொள்வோமாயின், ஜலவாயுவின் அணுவுக்கு ஒரு கை; பிராணவாயுவுக்கு இரண்டு; நைட்ரஜனுக்குப் பொதுவாக மூன்று; கரிக்கு நான்கு. ஒரு பிராணவாயு அணு தன் இரு கைகளாலும் இரண்டு ஜலவாயு அணுக்களைப் பற்றினால் நீரின் ஒரு மூலக்கூறு உண்டாகிறது. ஒரு நைட்ரஜன் அணு மூன்று ஜலவாயு அணுக்களைப் பற்றினால் அம்மோனியா உண்டாகிறது. மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி இவ்வம்மோனியாவினுடையதே.

கரிக்கு நான்கு கைகள் இருப்பதனால் அது தன் இனத்தோடேயே நீண்ட சங்கிலியாகக் கோத்துக்கொள்ள வல்லது. அரிசியின் மாவு, நிலக்கடலையின் எண்ணெய், பஞ்சின் நார், துவரையின் புரதம் ஆகிய யாவற்றுக்கும் கரிச் சங்கிலியே எலும்புக்கூடு போல்வது. உயிருள்ள உடல்களைப் பற்றிய ரசாயனம் பெரும்பாலும் கரியின் ரசாயனமாக இருப்பதன் காரணம் இதுவே.

4. உடலிலும் பயிரிலும் உள்ள மூலகங்கள்

மனித உடலின் எடையில் 100க்கு 65 பங்கு பிராணவாயு, 18 பங்கு கரி, 10 பங்கு ஜலவாயு, 3 பங்கு நைட்ரஜன். இந்நான்கும் சேர்ந்தே 96 பங்காகின்றன. எஞ்சிய 4 பங்கில் எலும்பிலுள்ள கால்சியமும் பாஸ்பரசும் பெரும்பகுதி. வளர்ந்த ஒருவர் உடலிலுள்ள இரும்பு ஏறக்குறைய 4 கிராம், அதாவது ஒரு சிறிய ஆணியின் எடை. இச்சிறு அளவு குறைந்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கமாட்டாது சோகை உண்டாகிறது. அயோடின் இதனினும் மிகச் சொற்பம். அது குறைந்தால் கழுத்தில் கழலை தோன்றுகிறது. ஆதலின் அளவிற் சிறியது அவசியத்திலும் சிறியது என்று கருதலாகாது.

பயிருக்கும் இவ்விதியே. பயிரை உலர்த்தி நிறுத்துப் பார்த்தால், 100க்கு ஏறக்குறைய 45 பங்கு கரி, 45 பங்கு பிராணவாயு, 6 பங்கு ஜலவாயு. மீதமுள்ள 4 பங்கிலேயே நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், கந்தகம் ஆகியனவும், இரும்பு, துத்தநாகம், மாங்கனீஸ், செம்பு, போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் ஆகிய நுண்சத்துக்களும் அடங்கியுள்ளன. இவ்வாறு மொத்தம் 17 மூலகங்கள் பயிருக்கு இன்றியமையாதன எனத் தாவர சாஸ்திரிகள் கணித்துள்ளனர். இலையின் பச்சை நிறத்துக்குக் காரணமான பச்சையத்தின் நடுவே இருப்பது மெக்னீசியத்தின் ஓர் அணு.

5. மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?

பயிர் மண்ணைத் தின்று வளர்கிறது என்பது பழைய அபிப்பிராயம். பிரஸ்ஸெல்ஸ் நகரிற் பிறந்த வான் ஹெல்மாண்ட் என்பவர் இதனைச் சோதிக்கக் கருதினார். ஒரு தொட்டியில் உலர்ந்த மண் 200 ராத்தல் இட்டு, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, நீர் மட்டும் ஊற்றி ஐந்து ஆண்டுகள் வளர்த்தார். முடிவில் மரத்தின் எடை 169 ராத்தலுக்கு மேலாயிற்று. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தபோது, அது குறைந்திருந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ் மட்டுமே. இப்பரிசோதனையின் விவரம் அவர் இறந்த பின்னர் 1648ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டாயிற்று என்று அவர் முடிவு செய்தார். காற்றிலிருந்து இலைகள் கரியமில வாயுவை உட்கொள்கின்றன என்பது அக்காலத்தில் அறியப்படவில்லை. இன்று நாம் கணக்கைச் சரிபார்க்கலாம். கரியமில வாயுவின் 6 மூலக்கூறுகளும் நீரின் 6 மூலக்கூறுகளும் வெயிலின் சக்தியால் சேர்ந்து, சர்க்கரையின் ஒரு மூலக்கூறாகவும் பிராணவாயுவின் 6 மூலக்கூறுகளாகவும் மாறுகின்றன. வரவில் கரி அணுக்கள் 6, ஜலவாயு அணுக்கள் 12, பிராணவாயு அணுக்கள் 18. சர்க்கரையில் கரி 6, ஜலவாயு 12, பிராணவாயு 6. வெளியேறும் வாயுவில் பிராணவாயு 12. கூட்டிப் பார்த்தால் ஓர் அணுவும் குறையவில்லை. ஓர் அணுவும் கூடவில்லை.

ஹெல்மாண்ட் பொருட்படுத்தாது விட்ட அந்த 2 அவுன்ஸ் யாது? மண்ணிலிருந்து மரம் எடுத்துக்கொண்ட உப்புக்கள் அதில் அடங்கியிருந்தன எனக் கொள்ளலாம். கரி, ஜலவாயு, பிராணவாயு ஆகிய மூன்றையும் காற்றும் நீரும் விலையின்றித் தருகின்றன. மற்றவை அனைத்தையும் பயிர் மண்ணிலிருந்தே பெற வேண்டும். குடியானவரின் செலவெல்லாம் அந்தச் சிறு பங்கைப் பற்றியதே.

6. காற்றில் நிறைந்தும் பயிருக்குக் கிட்டாத நைட்ரஜன்

ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் நிற்கும் காற்றில் ஏறக்குறைய 30,000 டன் நைட்ரஜன் உள்ளது. எனினும் அந்நிலத்துப் பயிர் நைட்ரஜன் இன்றி மஞ்சள் பூத்து நிற்பதைக் காண்கிறோம். காரணம் யாதெனில், காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று கைகளாலும் ஒன்றையொன்று இறுகப் பற்றியுள்ளன. இப்பிடியைப் பிரிக்கும் வல்லமை பயிரின் வேருக்கு இல்லை. அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ மாறிய நைட்ரஜனையே வேர் பெரும்பாலும் உட்கொள்ளும்.

இப்பிடியைப் பிரிக்கும் வழிகளுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று நுண்ணுயிர்களின் வழி. அவரை இனப் பயிர்களின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன என்பதை ஜெர்மானிய தேசத்தவரான ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் இருவரும் 1886ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தக்கைப்பூண்டு, சணப்பு, கொளிஞ்சி, உளுந்து ஆகியன இவ்வகையின. இவ்வேலைக்கு இரும்பும் மாலிப்டினமும் அவ்வுயிர்களுக்கு வேண்டும். வயல் நீரில் மிதக்கும் அசோலாவினுள் வாழும் நீலப்பச்சைப் பாசியும் இவ்வேலையைச் செய்கிறது.

மற்றொன்று தொழிற்சாலையின் வழி. ஜெர்மனியில் ஹேபர் என்பவர் 1909ஆம் ஆண்டில் நைட்ரஜனையும் ஜலவாயுவையும் மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் சேர்த்து அம்மோனியா உண்டாக்கிக் காட்டினார். போஷ் என்பவரின் முயற்சியால் 1913ஆம் ஆண்டில் ஓப்பாவு என்னுமிடத்தில் இதற்கெனப் பெரிய தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் சேர்த்தே இன்று யூரியா செய்யப்படுகிறது.

யூரியா என்பது மனிதர், மாடு முதலிய பிராணிகளின் மூத்திரத்திலும் உள்ள பொருளே. உயிருள்ள உடலில் மட்டுமே உண்டாகும் என்று கருதப்பட்ட இதனை, 1828ஆம் ஆண்டில் வோலர் என்பவர் ஆராய்ச்சிச் சாலையில் உண்டாக்கினார். மூத்திரத்தின் யூரியாவும் மூட்டையின் யூரியாவும் ஒன்றே. இரண்டிலுமுள்ள அணுக்களில் பேதமில்லை. ஆயினும் தொழு எரு மண்ணுக்குக் கரிப்பொருளையும் நுண்சத்துக்களையும் சேர்த்துத் தருகிறது. நீரைத் தாங்கும் சக்தியை அளிக்கிறது. யூரியா மூட்டை இவற்றைத் தராது. இரண்டின் உண்மையான வேற்றுமை இதுவே.

7. மூட்டையின் எண்களை வாசிக்கும் விதம்

ரசாயன சாஸ்திரிகள் ஒவ்வொரு மூலகத்தின் அணுவுக்கும் ஒப்பு எடை வகுத்துள்ளனர். ஜலவாயு 1, கரி 12, நைட்ரஜன் 14, பிராணவாயு 16, பாஸ்பரஸ் 31, கந்தகம் 32, பொட்டாசியம் 39. இதைக் கொண்டு எந்த உரத்தின் சத்தையும் நாமே கணக்கிடலாம்.

யூரியாவின் ஒரு மூலக்கூறில் கரி அணு 1, பிராணவாயு அணு 1, நைட்ரஜன் அணு 2, ஜலவாயு அணு 4. எடைகளைக் கூட்டினால் 12, 16, 28, 4, மொத்தம் 60. இதில் நைட்ரஜன் 28. ஆகவே 100க்கு 46.7 பங்கு. இதற்கு மேல் ஒரு பங்கேனும் நைட்ரஜனை யூரியாவில் எவராலும் புகுத்த இயலாது. மூட்டையிற் காணும் 46 என்ற எண் இவ்வாறு வந்ததே. 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ நைட்ரஜன் உள்ளது என்பது இதனாற் பெறப்படும்.

டி.ஏ.பி. மூட்டையிலுள்ள 18-46-0 என்பதில் முதல் எண் தழைச்சத்தாகிய நைட்ரஜனையும், இரண்டாவது மணிச்சத்தையும், மூன்றாவது சாம்பற்சத்தையும் குறிக்கும். இங்கே ஒரு விஷயம் கவனிக்கற்பாலது. மணிச்சத்து என்று எழுதப்படுவது பாஸ்பரஸ் மட்டுமன்று. பாஸ்பரசும் பிராணவாயுவும் சேர்ந்த ஆக்சைடாகக் கணக்கிட்ட எடையாகும். அவ்வாக்சைடின் எடையில் 100க்கு ஏறக்குறைய 44 பங்கே பாஸ்பரஸ். சாம்பற்சத்தும் அவ்வாறே ஆக்சைடாகக் கணக்கிடப்படுகிறது. அதில் 100க்கு 83 பங்கு பொட்டாசியம். இது வியாபாரத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறை, மோசம் அன்று. எனினும் 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் உண்மையான பாஸ்பரஸ் 10 கிலோ என்பதையும், 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் உண்மையான பொட்டாசியம் 25 கிலோ என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

இக்கணக்கின் மற்றொரு பயனும் உண்டு. ஒரு சிறு குப்பி மருந்தைத் தெளித்தால் மூட்டை உரம் வேண்டியதில்லை என்று எவரேனும் கூறினால், குப்பியின் எடையை நோக்குக. அரைக் கிலோ எடையுள்ள குப்பியில், முழுவதும் நைட்ரஜனாகவே இருந்தாலும், அரைக் கிலோவுக்கு மேல் நைட்ரஜன் இருக்கவியலாது. அதிலிருப்பது காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் நுண்ணுயிராயின் அல்லது சொற்ப அளவே வேண்டப்படும் நுண்சத்தாயின் விஷயம் வேறு. ஆனால் பாஸ்பரசையும் பொட்டாசியத்தையும் காற்றிலிருந்து பிடித்துத் தரும் உயிர் எதுவும் இல்லை. பாஸ்போபாக்டீரியா போன்றவை மண்ணில் ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் பாஸ்பரசைக் கரைத்துத் தருமேயன்றிப் புதிதாக உண்டாக்கா.

8. நிலத்தின் ஐந்தொகை

சங்கத்தின் ஐந்தொகையில் வரவும் செலவும் பொருந்தாவிடில், எங்கேனும் கசிவு இருக்கிறது என்று அறிகிறோம். நிலத்துக்கும் இதே பரிசோதனை பொருந்தும்.

ஒரு டன் நெல் விளைவிக்கும் பயிர், தானியத்திலும் வைக்கோலிலுமாக ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ நைட்ரஜனும், 2 முதல் 3 கிலோ பாஸ்பரசும், 15 முதல் 20 கிலோ பொட்டாசியமும் எடுத்துக்கொள்கிறது. நைட்ரஜனிலும் பாஸ்பரசிலும் பெரும்பங்கு தானியத்தில் சேர்கிறது. பொட்டாசியத்திலோ ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் வைக்கோலிலேயே தங்குகிறது. ஆகவே ஏக்கருக்கு 2 டன் நெல் எடுத்து, வைக்கோல் முழுவதையும் வெளியே விற்றுவிடும் குடியானவர், ஏறக்குறைய 24 முதல் 32 கிலோ பொட்டாசியத்தை வைக்கோலோடு வண்டியேற்றி அனுப்புகிறார். அதனை ஈடுசெய்ய 50 கிலோ பொட்டாஷ் மூட்டை ஏறக்குறைய ஒன்று வேண்டும். வைக்கோலுக்குக் கிடைக்கும் விலையில் அம்மூட்டையின் விலையைக் கழித்துப் பார்த்தே லாபத்தைக் கணிக்க வேண்டும். நம் நாட்டில் பொட்டாஷ் உரம் தோண்டியெடுக்கும் சுரங்கம் இல்லை; அது முழுவதும் அயல் நாடுகளிலிருந்தே வருகிறது என்பதையும் நினைவிற் கொள்க.

வைக்கோலையும் தாளையும் வயலில் எரிப்பது மற்றொரு கசிவு. எரித்தால் பொட்டாசியம் சாம்பலில் தங்கும். கரியும் நைட்ரஜனும் பெரும்பாலும் புகையோடும் வாயுவோடும் போய்விடும். கந்தகத்திலும் ஒரு பங்கு அவ்வாறே போகும். அணுக்கள் அழியவில்லை; ஆனால் நம் வயலை விட்டு நீங்கிவிட்டன.

மாட்டின் மூத்திரம் தொழுவத்து மண்ணில் வீணாகச் சுவறிப் போவது மூன்றாவது கசிவு. மாடு கழிக்கும் நைட்ரஜனில் ஏறக்குறைய பாதியும், பொட்டாசியத்தில் பெரும்பகுதியும் மூத்திரத்திலேயே உள்ளன. சாணத்தை மட்டும் குப்பைக்குழியிற் சேர்த்து மூத்திரத்தை விட்டுவிடுவது, நெல்லில் பாதியைக் களத்திலேயே விட்டுவருவதற்கு ஒப்பாகும். தொழுவத்தில் உலர்ந்த மண்ணையோ சருகையோ பரப்பி, ஊறியபின் எருக்குழியிற் சேர்ப்பது செலவில்லாத பரிகாரம்.

நான்காவது கசிவு யூரியாவை இடும் முறையில் உள்ளது. யூரியா மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் நொதியினால் விரைவில் அம்மோனியமாகிறது. நிலத்தின் மேற்பரப்பில் அப்படியே கிடந்தால் அம்மோனியாவாகக் காற்றில் பறந்துவிடும். நைட்ரேட்டாக மாறியது நீரோடு கீழே இறங்கிவிடும். அல்லது தேங்கிய நீரில் நுண்ணுயிர்களால் மீண்டும் நைட்ரஜன் வாயுவாகி மேலே போய்விடும். நெல் வயலில் இடும் நைட்ரஜனில் பயிருக்குச் சேர்வது பல இடங்களில் மூன்றில் ஒரு பங்களவே. ஆதலின் ஒரே தடவையில் கொட்டாமல், பயிரின் பருவத்துக்கேற்பப் பகுதி பகுதியாக இடுவதும், இலை வண்ண அட்டையைக் கொண்டு பயிரின் தேவையை அறிந்து இடுவதும் பணத்தைக் காக்கும் வழிகளாம்.

பாஸ்பரசின் கணக்கு இதற்கு மாறானது. அது காற்றில் பறப்பதில்லை; மண்ணிலேயே கால்சியத்தோடோ இரும்போடோ பிணைந்து இறுகிவிடுகிறது. மண் பரிசோதனை செய்யாமல் ஆண்டுதோறும் டி.ஏ.பி. இடுபவர் சிலரது நிலத்தில் இது தேவைக்கு மேல் சேர்ந்திருத்தல் கூடும். அங்கே செலவைக் குறைக்கலாம். எலும்பையும் பாறையையும் அமிலத்திற் கரைத்துச் சூப்பர் பாஸ்பேட் செய்யும் முறைக்கு இங்கிலாந்தில் லாஸ் என்பவர் 1842ஆம் ஆண்டில் உரிமை பெற்றார்; நம் பக்கத்தில் ராணிப்பேட்டையில் 1906ஆம் ஆண்டிலேயே அவ்வுரம் செய்யப்பட்டது. பாஸ்பேட் பாறை உலகில் சில நாடுகளிலேயே மிகுதியாக உள்ளது. அதனை வீணாக்குதல் தகாது.

9. குறைந்த பலகையின் விதி

ஜெர்மானிய ரசாயன சாஸ்திரி லீபிக் 1840ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் வழியே பரவிய கொள்கை ஒன்றுண்டு. பயிரின் விளைவை நிர்ணயிப்பது மிகுதியாயுள்ள சத்து அன்று. மிகக் குறைவாயுள்ள சத்தே என்பது அது. பல பலகைகளாற் செய்த பீப்பாயில், மிகக் குட்டையான பலகையின் மட்டத்துக்கு மேல் நீர் நில்லாததுபோல் எனக் கொள்க. ஒரு மூலகம் மற்றொன்றாக மாறாது என்பதை முன்னரே கண்டோமாதலின், இவ்விதியின் காரணம் எளிதில் விளங்கும். துத்தநாகம் குறைந்த வயலில் எத்தனை மூட்டை யூரியா கொட்டினாலும் நைட்ரஜன் துத்தநாகமாகாது.

நெற்பயிரில் இலைகள் துருநிறப் புள்ளிகளோடு வாடி வளர்ச்சி குன்றும் கைரா என்னும் நோய் வடநாட்டில் கண்டறியப்பட்டது. நெனே என்னும் அறிஞர் 1966ஆம் ஆண்டில், இது பூச்சியாலோ கிருமியாலோ வருவதன்று, துத்தநாகக் குறைவால் வருவது என்று நிறுவினார். துத்தநாக சல்பேட் சில கிலோ இட்டமாத்திரத்தில் பயிர் தேறிற்று. இதனை அறியாது மருந்தடித்தால் பணமும் போகும், பயிரும் போகும்.

எவ்வெவ்வுரம் நிலத்தை நெடுங்காலத்தில் என் செய்கிறது என்பதை அறியக் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரி நிலத்தில் 1909ஆம் ஆண்டில் நிரந்தர எருப் பரிசோதனை ஒன்று தொடங்கப்பட்டது. ஒரு போகத்தின் விளைவைக் கண்டு நிலத்தின் ஐந்தொகையை முடிவுகட்டலாகாது. பல ஆண்டுகளின் கணக்கே நம்பத்தக்கது என்பது இத்தகைய நீண்ட பரிசோதனைகளின் கருத்தாகும்.

10. அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றின் சாரம் இதுவே: மூலகம் வயலில் பிறப்பதுமில்லை, இறப்பதுமில்லை, வெளியே போனது திரும்பி வந்தாலன்றி நிலம் கடனாளியாகும். ஆதலின் சாகுபடிக்கு முன் மண்ணைப் பரிசோதிப்பித்தல், வைக்கோல், சாணம், மூத்திரம், சாம்பல் ஆகியவற்றை வயலுக்கே திருப்புதல், அவரை இனப் பயிரை இடைவிடாது சுழற்சியிற் சேர்த்தல், குறைந்த மூலகத்தை மட்டும் விலைக்கு வாங்குதல் என்னும் நான்கையும் கைக்கொள்க.

அடுத்த கூட்டத்தில் பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு பின்வரும் கணக்குகளைப் போட்டுப் பார்க்கலாம்.

(1) அம்மோனியம் சல்பேட்டில் நைட்ரஜன் அணு 2, ஜலவாயு அணு 8, கந்தக அணு 1, பிராணவாயு அணு 4. இதில் நைட்ரஜன் 100க்கு எத்தனை பங்கு? (விடை: 132இல் 28, அதாவது 21.2 பங்கு.)

(2) 20 கிலோ நைட்ரஜன் வேண்டுமாயின் 46 பங்குள்ள யூரியா எத்தனை கிலோ வேண்டும்? (விடை: ஏறக்குறைய 43½ கிலோ.)

(3) தொழு எருவில் 100க்கு அரைப் பங்கு நைட்ரஜன் இருப்பதாகக் கொண்டால், 5 டன் எருவில் எவ்வளவு நைட்ரஜன் உண்டு? (விடை: 25 கிலோ. இது 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலுள்ளதைவிட அதிகம்.)

(4) தம் தம் வயலில் சென்ற போகத்தில் விளைந்த நெல், விற்ற வைக்கோல், இட்ட உரம் ஆகியவற்றைக் கொண்டு, பொட்டாசியத்தின் வரவையும் செலவையும் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுக. இதற்கு விடை இங்கே அச்சிடவியலாது. அவரவர் நிலத்திலேயே உள்ளது.